வெல்டிங் ஆறிய பிறகும் உள்ளே இருக்கும் இழுப்பு

ஈப்போ பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்கு இரும்புக் கேட் ஒன்று செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு பக்கமாகவே பற்றவைத்தால், ஆறியதும் சட்டம் அந்தப் பக்கம் வளைந்துவிடும். "சூடு இழுத்துடுச்சி" என்பார்கள். அதனால் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்துப் பற்றவைப்பார்கள். கேட் நேராக வரும். அந்த இழுப்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை, இரும்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதுதான் எஞ்சிய தகைவு. கிளாம்ப் இல்லாவிட்டாலும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடே கிளாம்ப் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு தங்கும்? எஸ்.டி.பி.எம். மாணவர்கள் கைக்கணக்காகவே போடலாம். எஃகின் நீள்விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.000012, யங் குணகம் சுமார் 200,000 மெகாபாஸ்கல். சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 250ஐ 200,000ஆல் வகுத்தால் திரிபு 0.00125. அதை 0.000012ஆல் வகுத்தால் 104. அதாவது, சுருங்க விடாமல் பிடித்துக்கொண்டு 104 பாகை ஆறவிட்டாலே போதும், எஃகு தன் எல்லையைத் தொட்டுவிடும். உருகிய எஃகோ 1,500 பாகையிலிருந்து இறங்கி வருகிறது! பற்றவைத்த கோட்டருகே இழுவிசைத் தகைவு அந்த எல்லை வரை போவதில் வியப்பில்லை.

நம் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "வெளிவிசை சுழி, ஆகவே தகைவும் சுழி" என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. கோட்டருகே இழுவிசை, சற்றுத் தள்ளி அமுக்கம். இரண்டும் சேர்ந்துதான் சுழி.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் அசையாமல் நின்ற ஷெனெக்டடி என்ற புதிய கப்பல் இரண்டாகப் பிளந்தது. பற்றவைத்துக் கட்டிய கப்பல் அது. நொறுங்கும் தன்மையுள்ள எஃகும் மோசமான வெல்டிங்கும் பெரிய காரணங்கள் என்றாலும், உள்ளே அடைபட்ட தகைவைப் பற்றிய விவாதத்தையும் அது கிளப்பிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? ஒரு வழி, அதைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டுப் பார்ப்பது. மேற்பரப்பில் திரிபுமானிகளை ஒட்டி, நடுவே ஓரிரு மில்லிமீட்டர் துளை போட்டால், சுற்றியுள்ள உலோகம் லேசாகத் தளரும். அந்தத் தளர்விலிருந்து தகைவைக் கணக்கிடலாம். இன்னொரு வழியில் துளையே வேண்டாம். இழுபட்ட இரும்பில் அணுத்தளங்களின் இடைவெளி மாறும். பிராக் விதிப்படி எக்ஸ் கதிர் திரும்பும் கோணமும் மாறும். தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பற்றவைப்புகளை இப்படி அளந்திருக்கிறார்கள். ஆனால் எக்ஸ் கதிர் எஃகில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழமே போகும். சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே பார்க்க நியூட்ரான் வேணும். அதற்கு அணு உலையோ துகள் முடுக்கியோ தேவை.

அதனால்தான் கணினி மாதிரி. பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, நகரும் வெப்பத்தை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். சூட்டில் எஃகின் வலிமை குறைவதையும் அதில் சேர்க்கணும். நம் கைக்கணக்கு அதை விட்டுவிட்டது. மாதிரி தரும் விடையைச் சில இடங்களிலாவது அளந்து சரிபார்க்காமல் நம்ப முடியாது.

கொதிகலன் போன்ற தடித்த எஃகுப் பாகங்களைச் சுமார் 600 பாகைக்குச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டுத் தகைவைத் தணிப்பார்கள். கேட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. பட்டறையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பற்றவைப்பார்களே, அதில் வளைவுதான் குறையும். தகைவு உள்ளேயே இருக்கும்.