கிளியரிங் ஏஜென்ட் என்ன செய்கிறார்?

வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வாங்குகிறீர்கள். பணம் கட்டியாயிற்று; கன்டெய்னரும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. ஆனாலும் சுங்கத்துறை அனுமதி கிடைக்கும்வரை அது உங்கள் கைக்கு வராது. அந்த அனுமதியை உங்கள் சார்பில் பெற்றுத் தருபவர் சுங்கத் தரகர். துறைமுக வட்டாரத்தில் கிளியரிங் ஏஜென்ட் அல்லது சி.எச்.ஏ. என்பார்கள்.

இறக்குமதியாளர் தாமே இந்த வேலையைச் செய்துகொள்ளலாம். பிறருக்காகச் செய்ய, 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றைச் சரிபார்த்து, சுங்கத்துறையின் ‘ஐஸ்கேட்’ இணையதளத்தில் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் செய்வது இவருடைய முதல் வேலை. பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் இது முடிந்திருக்க வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் 10,000 ரூபாய் எனத் தாமதக் கட்டணம் ஏறும்.

அனுபவம் பேசும் இடம் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டைத் தேர்வது. முதல் ஆறு இலக்கம் உலகமெங்கும் பொது. இந்தியாவில் எட்டு இலக்கம். திருப்பூரிலிருந்து போகும் காலர் இல்லாத பின்னலாடை டி-சர்ட் 6109இல் வரும். அதே துணியில் காலரும் பட்டனும் வைத்துத் தைத்த ஆண்கள் சட்டை 6105க்குப் போய்விடும். ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரியான டிராபேக் தொகை இந்த எண்ணைப் பொறுத்தது. இறக்குமதியில் வரியும் அப்படியே.

வரிக் கணக்கையும் பாருங்கள். சரக்கின் மதிப்பு கப்பல் வாடகை, காப்பீடு சேர்த்து 10 லட்சம். அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 1,00,000. அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம், 10,000. ஆக மொத்தம் 11,10,000க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 1,99,800. கட்ட வேண்டியது 3,09,800 ரூபாய். எச்.எஸ். எண் மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

2020இல் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறையால், சென்னையில் இறங்கும் சரக்கின் ஆவணத்தை வேறு ஊர் அதிகாரி பரிசீலிக்கலாம். நேரில் போய் விளக்க வழியில்லை. சரக்கு என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்பதை எழுத்திலேயே தெளிவாகச் சொல்லத் தெரிந்த தரகருக்குத்தான் கேள்விகள் குறைவாக வரும்.

இவர் கட்சிக்காரருக்கு மட்டும் கடமைப்பட்டவர் அல்லர். 2018ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி, சட்டத்தைப் பின்பற்றுமாறு கட்சிக்காரருக்கு அறிவுரை சொல்ல வேண்டும். கேளாவிட்டால் சுங்க அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். கட்சிக்காரரின் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு) எண், ஜி.எஸ்.டி. எண், முகவரி எல்லாம் உண்மைதானா என்று பார்ப்பதும் இவர் பொறுப்பு. தவறினால் உரிமமே ரத்தாகலாம். அதனால், “மதிப்பைக் குறைத்துக் காட்டலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவரிடம் உங்கள் சரக்கை ஒப்படைக்காதீர்கள். பொய்த் தகவலுக்கான அபராதம் இறக்குமதியாளர் தலையிலும் விழும்.

நல்ல தரகர் ஆர்டர் போடும் முன்பே உதவுவார். பொருளின் கேட்டலாக்கை அவருக்கு அனுப்புங்கள். எந்தக் குறியீடு, எவ்வளவு வரி, பி.ஐ.எஸ். போன்ற தரச் சான்று தேவையா என்று கேளுங்கள். சான்று இல்லாத சரக்கு துறைமுகத்தில் தேங்கி, நாளுக்கு நாள் டெமரேஜ் என்ற தேக்கக் கட்டணம் ஏறிய பிறகு கேட்டால், அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.