செஞ்சிப் பாறையில் ஓர் ஒப்புதல் படிவம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ராஜகிரியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய மலைதான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோட்டை அது. ஆனால் மருத்துவ அறவியல் படிக்கிறவர்கள், சட்ட அறிஞர்கள், மானிடவியலாளர்கள் எல்லோரும் இன்றைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி, இதே ஊரில், கோட்டைக்கு வடக்கே சிங்கவரம் பக்கமாக ஒரு பாறையில் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளாக வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை!

இடத்தின் பெயர் திருநாதர்குன்று. சிறுகடம்பூரை ஒட்டிய குன்று. மேலே ஏறினால் ஒரு பெரிய பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்திருக்கிறார்கள். கண் முதலில் அங்கேதான் போகும். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கல்வெட்டின் பக்கம் திருப்புங்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார், இது அவருடைய நிசீதிகை என்கிறது அது. நிசீதிகை என்றால் அப்படி உயிர் விட்ட இடம், அதன் நினைவுச் சின்னம். இதே குன்றில், பிற்காலத்து எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: இளையபட்டாரர், 30 நாள்.

யார், என்ன செய்தார், எத்தனை நாள். அவ்வளவுதான் சேதி. ஏன் என்று ஒரு சொல் இல்லை. அழுதவர்கள் யார், பக்கத்தில் இருந்தவர்கள் யார், அதுவும் இல்லை.

இந்தக் கல்வெட்டுகள் நம் கைக்கு வந்து சேரும் விதமே தனிச் சுவாரசியம். பாறையைக் கழுவித் துடைத்து, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மேலே மையை ஒற்றுவார்கள். மேடு கறுப்பாகிவிடும், வெட்டிய எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். இதைத்தான் மைப்படி என்கிறார்கள். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து கல்வெட்டுக்கு வந்த ஐராவதம் மகாதேவன், 2003-இல் வெளியான தன் பெருநூலில் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது சந்திரநந்தியின் கல்வெட்டுக்கும் அதில் இடம் கொடுத்தார். தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக உருண்டுகொண்டிருந்த காலத்து எழுத்து. 6-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். தமிழின் 'ஐ' எழுத்து முதன்முதலாகத் தென்படுவதும் இங்கேதான் என்பார்கள் கல்வெட்டுக்காரர்கள். அதுவும் ஐம்பத்தேழின் முதல் எழுத்தாக!

சரி, இதற்கும் இன்றைய அறவியல் ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு? இனிமேல்தான் விஷயமே.

2006-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. சந்தாரா, அதாவது நம் பக்கத்தில் சல்லேகனை என்று சொல்லும் இதே நோன்பு, தற்கொலையா இல்லையா என்று தீர்த்துச் சொல்லுங்கள் என்பது கோரிக்கை. 2015 ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பு வந்தது: தற்கொலைதான், துணை நிற்கிறவர்களும் குற்றவாளிகள். நாடு முழுக்கச் சமணர்கள் வாய் திறக்காமல் மௌன ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மூன்றே வாரம்! அந்த மூன்று வாரமும் உலகத்தின் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்த தீனி கொஞ்சமல்ல.

வழக்கில் சந்தாராவுக்கு எதிராகச் சொன்ன பெரிய வாதம் சதி. உடன்கட்டை ஏறுவதும் மதம் என்றுதானே சொன்னார்கள், அதைத் தடை செய்யவில்லையா, இதை மட்டும் ஏன் விட வேண்டும்? இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஏனென்றால் செஞ்சியில் அந்தக் கதையும் இருக்கிறது. 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருதி தேசிங்கு ராஜா மாண்டபோது அவருடைய இளம் மனைவி தீப்பாய்ந்தாள் என்றும், அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று நவாபு பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். பொதுமேடையில் இழுத்துப் போட்டு ஒப்பிடுகிற இரண்டு மரணங்கள், ஒரே ஊரில், ஒரு நடை தூரத்தில். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்படி ஒரு வகுப்பறை கிடைக்கும்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புருஷன் செத்த மறுநாள், ஊர் கூடி நிற்க, மேளம் முழங்க, ஒரு இளம்பெண் எடுக்கும் முடிவை முடிவு என்று சொல்லலாமா? வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் கேட்க அங்கே காது இருந்ததா? சல்லேகனைக்கோ பழைய நூல்கள் நிபந்தனை போட்டு வேலி கட்டுகின்றன. தீர்க்க முடியாத நோய், தள்ளாத முதுமை, தப்ப வழியில்லாத பஞ்சம் அல்லது இடர் வேண்டும். குருவின் அனுமதி வேண்டும். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னித்திருக்க வேண்டும். சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய இல்லறத்தார் ஒழுக்க நூலைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு வந்ததால், இந்த விதிகள் தமிழ்ச் சமணர்களின் கைக்குத் தமிழிலேயே கிடைத்தன.

எல்லாவற்றிலும் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, நோன்பைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களின் பட்டியல். தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூலில் இருக்கிறது. இன்னும் வாழ வேண்டும் என்று ஏங்குவது குற்றம். சீக்கிரம் சாக வேண்டும் என்று ஏங்குவதும் குற்றம்! நண்பர்களை நினைத்து உருகுவது, பட்ட சுகங்களை அசைபோடுவது, அடுத்த பிறவியில் இன்னது வேண்டும் என்று பேரம் பேசுவது, இவையும் அப்படியே. இரண்டாவதை மறுபடி படியுங்கள். சாவை விரும்புகிறவனுக்கு இந்த நோன்பில் இடமில்லை. தற்கொலை என்ற சட்டச் சொல்லின் உயிரே சாக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது. அந்த எண்ணத்தையே குற்றம் என்கிற ஒரு மரபை எந்தப் பிரிவில் போட்டு விசாரிப்பது? தனக்குத்தானே 'வாழ விருப்பமில்லை' என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கும் முதியவரை இந்த விதி திருப்பி அனுப்பிவிடும். அவருக்கு வேண்டியது மருத்துவரும், வலிக்கு மருந்தும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும்.

கேம்பிரிட்ஜின் மானிடவியலாளர் ஜேம்ஸ் லெய்ட்லா 2005-இல் ஒரு கட்டுரையில் இந்த நோன்பை மேற்கத்திய கருணைக்கொலை விவாதங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு சமணரின் முழு வாழ்க்கையும் போய்ச் சேரும் முடிவிடமாக அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் பார்வை. நல்லது எது என்று மனிதர்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்து பழகுகிறார்கள் என்பதை ஆராயும் 'அறத்தின் மானிடவியல்' என்ற துறையை எடுத்து நிறுத்தியவர்களில் அவர் ஒருவர். கர்நாடகத்தின் எஸ். செட்டர் சிரவணபெளகொளாக் குன்றின் நினைவுக் கல்வெட்டுகளை வைத்து இரண்டு நூல்களே எழுதினார். நம் பக்கத்தில் ஆர். உமாமகேஸ்வரி தமிழ்ச் சமணர்களின் ஊர்களுக்கே போய், அவர்கள் வாய்மொழியையும் நினைவையும் கேட்டு எழுதிய நூல் 2017-இல் வந்தது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் மேல்சித்தாமூர், பெரமண்டூர், வீடூர், விழுக்கம், அகலூர் என்று நைனார், அதாவது தமிழ்ச் சமணர், வீடுகள் இருக்கும் ஊர்கள் உண்டு. மேல்சித்தாமூரில்தான் தமிழ்ச் சமணர்களின் மடம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வழக்கம் இந்த வீடுகளில் இன்றும் உண்டு. அந்தத் திண்ணைகளில் உட்காராமல் திருநாதர்குன்றுப் பாறையை மட்டும் படிப்பது பாதிப் படிப்புதான் என்பது என் கட்சி.

மேல்நாட்டில் மதமே இல்லாமல் இதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது. நோய் முற்றியவர் தெளிந்த மனதோடு உணவும் நீரும் வேண்டாம் என்றால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? நெதர்லாந்தின் மருத்துவர் சங்கம் 2014-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி போட்டது. 2021-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் மருத்துவரும் மெய்யியலாளரும் சட்ட அறிஞரும் செவிலியரும் சேர்ந்து தொகுத்த ஒரு முழு நூலைக் கொண்டுவந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று லிவிங் வில்லுக்கு, அதாவது இன்ன நிலைமையில் எனக்குச் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கும் உரிமைக்கு, வழி திறந்தது. அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்த கெடுபிடியை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரி போதும் என்றாக்கியது.

இதெல்லாம் அழகாக எழுதி வைத்த சம்மதத்தின் உலகம். எழுதாத உலகம் ஒன்று இதே தமிழ்நாட்டில் இருக்கிறது. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தல் 2010-இல் செய்தியாக வெடித்தது. படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீருமாக வீட்டார் அனுப்பி வைக்கும் வழக்கம். பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' அதைப் பற்றிய படம். தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படம் அது. இதையும் கருணை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு இதில் இரண்டு மனம் கிடையாது. வைத்தியத்துக்குக் காசில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்கிற வீட்டில், கிழவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். அந்த வீட்டுக்குப் போக வேண்டியவர் வலிநிவாரண மருத்துவத்தின் செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் அந்தச் சேவையும் இருக்கிறது என்பதால்தான், சாவு பற்றிய அறவியல் பேசும்போதெல்லாம் நான் அதையும் சேர்த்தே பேசுகிறேன். சல்லேகனை, சதி, தலைக்கூத்தல், மூன்று மரணத்திலும் உயிர் போவது ஒன்றுதான். முடிவு யாருடைய மனதில் பிறந்தது, 'வேண்டாம், ஒரு வாய் கஞ்சி கொடு' என்று சொன்னால் கொடுக்கக் கை நீளுமா என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

இப்போது ஆராய்ச்சியின் அடுக்களைக்குள் எட்டிப் பாருங்கள். இதை ஆராய ஒரு மாணவி கிளம்புகிறாள் என்று வையுங்கள். முதலில் அவள் நெறிமுறைக் குழுவைத் தாண்ட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், இவர்களோடு துறை எதுவும் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த நாற்காலி அந்தக் கடைசி நாற்காலிதான்! 'அம்மா, இந்தப் படிவம் எங்க பாட்டிக்குப் புரியுமா?' என்று கேட்க வேண்டியவர் அவர். படிவம் பேட்டி கொடுப்பவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். குழு அதோடு விடாது. நோன்பிருப்பவர் தளர்ந்து போன பிறகும் கேள்வி கேட்பாயா? நோன்பைக் கைவிட நினைக்கிறேன் என்று அவர் உன்னிடம் மட்டும் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வாய்? வீட்டார் வற்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என்ன செய்வாய்?

என்ன அருமையான கேள்விகள்! சந்திரநந்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீடர்களும் இவற்றைத் தங்களுக்குள் கேட்டிருக்க மாட்டார்களா?

பிறகு பெயர் விவகாரம். பேட்டி கொடுத்தவரின் பெயரை மறைத்துவிடு, ஊரை மாற்று, அடையாளம் தெரியாமல் எழுது என்பது ஆராய்ச்சி நெறியின் அரிச்சுவடி. சமணக் குடும்பங்களோ சல்லேகனை இருப்பவரைப் படம் போட்டு ஊருக்கு அறிவிக்கின்றன. வந்து வணங்கிப் போகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. பெயரை மறைத்தால் அவமரியாதை என்று அவர்கள் நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது. அதே நேரம், வாசலில் கூட்டம் கூடக் கூட 'போதும், சாப்பிடுகிறேன்' என்று சொல்லும் தைரியம் ஒருவருக்குக் குறைந்துபோகாதா? ஊர் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வகை நெருக்கடிதானே? துணைக்குப் புறநானூற்றுக் காலத்துக்கே போய்ப் பார்க்கலாம். உணவை விட்டு வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனோடு சாகத் துணிந்த புலவர் பொத்தியாரை, பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான் அரசன். பெயரும் புகழும் சேரும் ஒரு சாவில்கூட 'நீ இப்போது வேண்டாம்' என்று தடுக்க ஒருவன் இருந்தான்.

நோன்பு நடக்கும்போது பெயர் வேண்டாம், முடிந்த பிறகு அவர் முன்னமே கேட்டுக்கொண்டிருந்தால் பெயரைப் போடலாம் என்பது என் ஓட்டு. அதற்குப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் வைத்து, நடுவில் ஒருமுறை அவரைத் தனியே சந்தித்து, 'இன்னும் சம்மதம்தானா?' என்று மறுபடி கேட்க வேண்டும். குழுவில் இருக்கும் அந்தச் சாதாரண மனிதர் ஒத்துக்கொள்வாரா தெரியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்று அவர் சொல்லும் காரணத்தைக் கேட்க எனக்கு இப்போதே ஆவலாக இருக்கிறது.