கரப்பானைத் தூண்டுவது எது?

எக்சிமா என்னும் சொல், கொதித்துப் பொங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ் மருத்துவ மரபில் அது கரப்பான் எனப்படுகிறது. பல நாள் அடங்கிக் கிடந்த தோல் திடீரெனச் சிவந்து, அரித்து, நீர் கசியத் தொடங்கும்போது கிரேக்கப் பெயரின் பொருத்தம் விளங்கும். இது தொற்றுநோயன்று. கரப்பான் உள்ள மாணவரின் அருகில் அமரத் தயங்குவது அறியாமையே.

நலமான தோலின் மேலடுக்கு, செங்கற்களைச் சாந்து கொண்டு இணைத்த சுவரைப் போன்றது. அது உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. வேண்டாதவற்றை வெளியே நிறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இச்சுவர் உறுதிபெறத் துணைசெய்யும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள குறைபாடு கரப்பானுக்கு வழிவகுப்பதை 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆகவே, நோய்க்கான அடிப்படை பிறப்பிலேயே அமைந்திருக்கலாம். அதனை மாற்றுவது அரிது. ஆனால், அதனைப் பொங்கி எழச் செய்யும் தூண்டிகள் அன்றாட வாழ்வில் உள்ளன. அவற்றை அறிந்து விலக்க முடியும்.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையிலிருந்து பள்ளிக்குச் சென்றுவரும் ஒரு மாணவியின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராக இருப்பின் சோப்பு எளிதில் நுரைக்காது. அவள் மேலும் மேலும் தேய்ப்பாள். தோலின் எண்ணெய்ப்பசை கரைந்துபோகும். பேருந்து நெரிசலில் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தேங்கும் வியர்வை, சலவைத்தூள் முழுதும் அலசப்படாத சீருடை, போகியன்று தெருவில் எரியும் டயரின் புகை, தேர்வுக்கால மன இறுக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தூண்டியாகலாம். இவற்றுள் எது அவளுக்குப் பகை என்பதை அடுத்த வீட்டார் சொல்லிவிட முடியாது. நீரே குற்றவாளி என்று முடிவு கட்டுவதிலும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 336 குழந்தைகள் பங்கேற்று, 2011இல் வெளியான ஆய்வில், கடின நீரை மென்னீராக்கும் கருவி பொருத்தியதால் கூடுதல் பயன் எதுவும் கிட்டவில்லை. அத்தகைய கருவியைவிட, மென்மையான சோப்பும், குளித்த சில நிமிடங்களுக்குள் தடவும் மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியும் நம்பத்தக்கவை, செலவும் குறைவு.

தூண்டி கண்ணெதிரே நின்றும் புலப்படாமற்போவதற்குப் பார்த்தீனியம் தக்க சான்று. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட இக்களை, 1950களின் நடுப்பகுதியில் புனேயில் கவனத்திற்கு வந்தது. பின்னர் நாடெங்கும் பரவியது. இன்று சென்னைப் புறநகரின் காலி மனைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் சிறு வெண்பூக்களுடன் அதனைக் காணலாம். அதிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. செடியைத் தொடவேண்டும் என்பதில்லை. உலர்ந்த துகள்கள் காற்றில் மிதந்து வந்தாலே போதும். இமைகள், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பு முதலில் எழும். வெளியில் தெரியும் உறுப்புகளே பாதிக்கப்படுவதால், வெயிலால் வந்த நோய் என்று தவறாகக் கருதிவிடவும் கூடும். செடி செழிக்கும் பருவத்தில் நோய் மிகுவதும், அப்பகுதியை விட்டு நீங்கினால் தணிவதும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். பூக்கும் முன்பே இக்களையை அகற்றுவது நன்று. அப்பணியைக் கையுறை அணிந்தவர் செய்யவேண்டும். கரப்பான் உள்ளவர் செய்தலாகாது.

உணவைப் பற்றிய நம்பிக்கை தமிழ்நாட்டில் மிக ஆழமானது. கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் கரப்பான் பண்டம் என்றே வீட்டு முதியோர் வழங்குவர். அந்நம்பிக்கைக்குப் பின்னே கூர்ந்து நோக்கிய அனுபவம் இருக்கலாம். ஆயினும் ஒருவருக்கு ஒவ்வாதது எல்லார்க்கும் ஒவ்வாதது ஆகிவிடாது. கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகள் சிலருக்குப் பசும்பாலோ முட்டையோ தூண்டியாக அமைவதுண்டு. வளர்ந்தோரிடம் இது குறைவு. ஐயத்தின் பேரில் பால், முட்டை, மீன், பருப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தினால், வளரும் பிள்ளை ஊட்டம் இழந்து மெலியும். கரப்பானோ அப்படியே இருக்கும். ஓர் உணவை விலக்கிப் பார்ப்பதும் மீண்டும் தந்து பார்ப்பதும் மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெறவேண்டியவை.

தூண்டியைக் கண்டறிய எளிய கருவி ஒரு குறிப்பேடு. அரிப்பு மிகுந்த நாளில், முந்தைய இரண்டு மூன்று நாள்களில் தோலில் பட்டவை, அணிந்தவை, சென்ற இடங்கள், தட்பவெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துவரவேண்டும். தொடர்பால் வரும் ஒவ்வாமை உடனே வெளிப்படாமல் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால், அன்றைய நிகழ்வை மட்டும் ஆராய்ந்தால் குற்றமற்ற பொருளே பழி சுமக்கும். மீண்டும் மீண்டும் தலைகாட்டும் பொருளை ஐயுறலாம்.

ஐயத்தை உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை உண்டு. 1895ஆம் ஆண்டில் யாடசோன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்திற்குப் பின் அகற்றி, தோலில் எழுந்த மாற்றத்தைப் பார்ப்பர். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பர். கவரிங் நகையிலும் இடுப்புவார்க் கொக்கியிலும் உள்ள நிக்கல், சிமெண்டில் உள்ள குரோமேட், தலைச்சாயத்தில் உள்ள பாராபினைலின்டைஅமின் ஆகியவை இச்சோதனையில் பெரிதும் அகப்படுகின்றன. இறுதியாகச் சொன்ன வேதிப்பொருள், விரைவில் சிவக்கவும் கறுக்கவும் வேண்டும் என்பதற்காகக் கடைகளில் விற்கும் சில கருமருதாணிக் கூம்புகளிலும் கலக்கப்படுகிறது. வீட்டில் அரைத்த மருதாணி இலையில் அது இல்லை.