கழுதைக்குக் கோயில்

கதாநாயகனின் வீரத்தையும் காதற் பாட்டையும் நம்பாது எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, ஜோன் ஆபிரகாம் 1977ஆம் ஆண்டில் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’. இயக்குநர் கேரளத்தவர், பூனாத் திரைப்படக் கல்லூரியிலே ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். திரைக்கதை எழுதியவர் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்திய தேசிய விருது இதற்குக் கிடைத்தது. எனினும் படமாளிகைகள் இதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தியத் தொலைக்காட்சியும் பின்னர் ஒருமுறை ஒளிபரப்ப முனைந்து பின்வாங்கிற்று. இன்று இணையத்திலே காணக் கிடைப்பதால், நம் வன்னி மாணவர்களுக்காக இதன் நிறைகுறைகளைச் சிறிது ஆராய்வோம்.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று பேராசிரியர் நாராயணசுவாமியின் வீட்டை வந்தடைகிறது. அதனை அவர் வளர்க்கத் தொடங்கவே, கல்லூரியிலே கேலி எழுகிறது. (கற்பிக்கும் தொழிலில் உள்ள நமக்கு அவர் படும் பாடு நன்கு விளங்கிற்று!) வேறு வழியின்றி ஊருக்குக் கொண்டுபோய் அக்கிரகாரத்திலே பெற்றோரிடம் விடுகிறார். வாய்பேசாத வேலைக்காரப் பெண் உமா அதனைப் பேணுகிறாள். ஒருவனால் வஞ்சிக்கப்பட்ட அவளுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. மருத்துவச்சி அச்சடலத்தைக் கோயிலருகே போட்டுவிடுகிறாள். பழி கழுதைமேல் விழ, ஊரார் அதை அடித்துக் கொல்கின்றனர். பின்னர் ஊரிலே சில அற்புதங்கள் நிகழ்வதாகத் தோன்றவே, அதே மக்கள் அதற்குக் கோயில் எழுப்ப முற்படுகின்றனர்.

துன்புறும் இருவருமே பேச இயலாதவர்கள் என்பதிலேதான் படத்தின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. பேசத் தெரிந்த ஊர் ஓயாது பேசுகிறது; உண்மை தெரிந்தவளுக்கோ வாயில்லை. மன்னாருக்குப் போய்வரும் நம்மவர்க்குத் தெருவோரக் கழுதை புதிதன்று. அதனை ஒரு பொருட்டாக எவரும் நின்று பார்ப்பதில்லை. இப்படம் நம்மை நிறுத்திப் பார்க்கச் செய்கிறது. அடுத்து வருவது இன்னும் கொடியது. கொன்றவர்கள் கொன்றதற்காக வருந்துவதில்லை, கும்பிடத் தொடங்குகிறார்கள். கோயில் எழுந்துவிட்டால் குற்றவாளி யார் என்று கேட்பாரும் இரார் அல்லவா?

இது சமயத்தைப் பழிக்கும் படம் என்பாரும் உளர். நாமும் சைவ ஆசாரத்திலே வளர்ந்தவர்தாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வடநாட்டுச் சீதளாதேவியின் வாகனமே கழுதைதானே! ஆனால், அக்கிரகாரத்து மாந்தர் அனைவரையும் ஏறக்குறைய ஒரே அச்சிலே வார்த்தது பெருங்குறை. மனம் தடுமாறும் ஒருவரேனும் அவர்களிடையே அழுத்தமாகத் தீட்டப்பட்டிருந்தால், பார்ப்பவர் தம்மையும் அவ்வூரிலே கண்டிருப்பார். இப்பொழுதோ, ‘இவர்கள் யாரோ மூடர்கள்’ என்று எளிதிலே தப்பிவிடுகிறார்.

பேராசிரியராக நடித்த எம். பி. சீனிவாசன் புகழ்பெற்ற இசையமைப்பாளர்; நடிகரல்லர். முற்பகுதியில் அவரது அடங்கிய முகம் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. பிற்பகுதியில் உள்ளம் கொதிக்க வேண்டிய இடத்திலும் அது அசையாதிருப்பதை ஏற்பது கடினம்.

முடிவைப் பற்றியும் நமக்கு மனக்குறை உண்டு. கழுதையின் மண்டையோடும் கூத்தும் பெருந்தீயும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் குழந்தையை இழந்த உமாவின் துயர் அத்தீயிலே காணாமற் போகிறது. பிரெஞ்சு இயக்குநர் றொபேர் பிறெசோனும் 1966இல் பல்தசார் என்னும் கழுதையை வைத்து ஒரு படம் எடுத்தார். அக்கழுதை கழுதையாகவே வாழ்ந்து, மலைச்சரிவிலே ஆடுகளுக்கு நடுவே இறக்கிறது. அற்புதம் ஏதும் நிகழவில்லை. நெஞ்சு மட்டும் கனத்துப் போகிறது. ஜோன் ஆபிரகாமுக்குக் கோபம் மிகுதி. அந்தப் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை போலும்.

படம் மெல்லவே நகரும். கைத்தொலைபேசியை எட்ட வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டிலே சிறுவர் இருப்பின், கழுதை அடிபடும் பகுதியைப் பெரியவர்கள் முன்னதாகப் பார்த்துக்கொள்வது நன்று.