ஒரு படுக்கைக்கு மாதம் 1,532 ரூபாய்

சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசின் எம்.சி.ராஜா கல்லூரி மாணவர் விடுதியின் புதிய கட்டடம் 2025 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்டது. பத்துத் தளங்கள், 121 அறைகள், அறைக்கு நான்கு பேராக 484 மாணவர்கள், மதிப்பீடு 44.50 கோடி ரூபாய். தலைக்கு வகுத்தால் 9 லட்சத்து 19 ஆயிரம். கட்டடம் 50 ஆண்டு, அதாவது 600 மாதம் நின்றால், ஒரு படுக்கையின் விலை மாதம் 1,532 ரூபாய்.

அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆக, தட்டில் விழும் சோற்றுக்கும் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. சோற்றுக் கணக்கு மாதாமாதம் எழுதப்படுகிறது. குறைந்தால் மாணவர்கள் கேட்கிறார்கள். கூரைக் கணக்கோ கட்டும்போது ஒருமுறை, இடிக்கும்போது ஒருமுறை என்றுதான் எழுதப்படுகிறது. பராமரிக்காமல் விட்டு 25 ஆண்டில் இடிக்க நேர்ந்தால், அதே படுக்கை மாதம் 3,065 ரூபாய் ஆகிவிடும். கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைப் பராமரிப்புக்கு வைத்தால் 44.50 லட்சம், ஒரு மாணவருக்கு மாதம் 766 ரூபாய். படுக்கை விலையில் பாதியைக் கூடுதலாகச் செலவிட்டுக் கட்டடத்தை இரு மடங்கு காலம் நிற்க வைக்கலாம் என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

பழைய விடுதிகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேல்தளக் குளியலறையின் தரை ஓடுகளுக்கு இடையே ஒரு விரிசல் விடும். நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கீழ் அறையில் படுத்திருக்கும் மாணவருக்கு முதலில் தெரிவது கூரையில் ஒரு பழுப்புக் கறை. அடுத்து பூச்சு உப்பும்; அதன்பின் கட்டிலில் விழும். அந்த இடத்தைச் சிமெண்டால் பூசி வெள்ளை அடிப்பது பழுது பார்ப்பதாகாது. சுத்தியலால் தட்டி, வெற்று ஓசை வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் துரு போகத் தேய்த்து, தடுப்புப் பூச்சு கொடுத்துப் புதுக் கலவையால் மூட வேண்டும். அதற்கும் முன்னால் மேலே உள்ள குளியலறையின் கசிவை அடைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் போட்ட பணம் முழுதும் வீண்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு விடுதிகளில் எட்டு ஆண்களுக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை என்றும், பெண்களுக்கு ஆறு பேருக்கு ஒன்று என்றும் வகுக்கிறது. 484 பேருக்கு 61 கழிப்பறைகள், பெண்கள் விடுதியானால் 81. தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மொத்தம் 65,340 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் தினமும் ஐந்தரை லாரி. ஒருவர் கழிப்பறையில் நாளொன்றுக்கு ஐந்து முறை தண்ணீர் விடுகிறார், பழைய தொட்டி ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் கொட்டுகிறது என்று வைப்போம். மூன்று, ஆறு லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள தொட்டியாக மாற்றி, நான்கு முறை சிறியதையும் ஒரு முறை பெரியதையும் அழுத்தினால் 50 லிட்டர் 18 ஆகும். 484 பேருக்கு மிச்சம் 15,488 லிட்டர், தினமும் ஒரு லாரிக்கு மேல்.

மின்விசிறியும் அப்படித்தான். 121 அறைகள் உள்ள ஒரு பழைய விடுதியில் அறைக்கு இரண்டாக 242 விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். 28 வாட் விசிறி மாட்டினால் ஒன்றுக்கு 47 வாட் மிச்சம். நாளைக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஏறத்தாழ 47,770 யூனிட். யூனிட் 8 ரூபாய், விசிறி 3,000 ரூபாய் என்று வைத்தால் முதலீடு 7.26 லட்சம், ஆண்டு மிச்சம் 3.82 லட்சம். இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

எல்லா விடுதிகளையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். தமிழக அரசு 2025 ஜூலையில் தன் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியபோது சொன்ன கணக்குப்படி, 2,739 விடுதிகளில் 1,79,568 மாணவர்கள் தங்கியிருந்தனர். விடுதிக்குச் சராசரி 66 பேர். சைதாப்பேட்டை விலையில் அத்தனை படுக்கைகளையும் புதிதாகக் கட்ட 16,510 கோடி வேண்டும். சிறு ஊர்களில் பாதி விலைக்கே கட்டலாம் என்றாலும் 8,255 கோடி. இருக்கும் கட்டடங்களைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பணத்தைப் போலவே நாளும் முக்கியம். புதுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்பைத் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதிக்க இரண்டு மூன்று நாள். கோடை விடுமுறையை விட்டால் இதற்கு நேரம் கிடைக்காது. ஜூனில் ஒப்பந்தம் போட்டால், படிக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே கொத்துவேலை நடக்கும்.

அதனால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் விடுதிப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும். அது படுக்கை எண்ணிக்கைப்படி ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி ஜனவரியிலேயே கோரப்பட வேண்டும். உங்கள் ஊரில் அரசு விடுதி இருந்தால், கடைசியாக எப்போது கசிவு அடைத்தார்கள் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.