உப்புநீரில் இறங்கும் இழுவைப்பெட்டியைப் பேணுதல்

பூநகரியிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஓரங்களிலும் மட்டக்களப்பு வாவியின் கரைகளிலும் நெல்வயலும் உப்புநீரும் அருகருகே உள்ளன. இவ்விடங்களில் பெரும்போகத்தில் நெல் விளைவிக்கும் கமக்காரர் சிலர், வயல்வேலை குறைந்த காலத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கச் செல்வதும் உண்டு. உழவு இயந்திரத்தின் பின்னே கொழுவப்படும் இழுவைப்பெட்டி அரிவி வெட்டுக் காலத்தில் நெல்மூடைகளைச் சுமக்கின்றது. மற்றைய காலத்தில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு நீரினுள் இறங்குகின்றது.

இவ்விரண்டு வேலைகளையும் ஒரே பெட்டியாற் செய்வித்தல் சிக்கனமானதே. ஆயினும், உப்புநீரில் இறங்கிய பெட்டியைக் கவனியாது விட்டால், அதன் குறை பெரும்பாலும் கடற்கரையில் வெளிப்படுவதில்லை. தை மாதத்தில் நெல்மூடைகள் நிறைந்த பாரத்துடன் வீதியிற் செல்லும்போதே சில்லு இறுகும். அல்லது அச்சிலிருந்து கழன்று ஓடும். பாரம் வீதியோரத்திற் கிடக்க, மழையும் பெய்யுமாயின் போகம் முழுவதும் பட்ட பாடு வீணாகும். கழன்ற சில்லு வீதியில் வருவோரின் உயிருக்கும் ஆபத்தை விளைவிக்கும்.

உப்பு விளைவிக்கும் கேடு

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பெட்டி கரையேறியதும் நீர் உலர்ந்துவிடும். உப்போ இரும்பின் மீதே தங்கிவிடும். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை நனைந்த நிலையில் வைத்திருக்கும். உப்புக் கரைந்த ஈரம் மின்னை எளிதிற் கடத்துவதால் கறள்பிடித்தல் விரைவாக நடைபெறுகின்றது. ஆகவே, நீரினுள் நின்ற சில நிமிடங்களிலும் பார்க்க, கழுவப்படாது கொட்டிலில் நிற்கும் நாட்களிலேயே கேடு மிகுதியாக உண்டாகின்றது.

கடலுக்குச் செல்லாத பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும். எம்.ஓ.பி. என வழங்கும் பொட்டாசு உரம் குளோரைட்டு வகையைச் சேர்ந்தது. அது சிந்திய பெட்டித்தளம் கடலுப்புப் பட்ட தளத்தைப் போலவே அரிக்கப்படும். உரம் ஏற்றிய பெட்டியையும் அன்றே கூட்டிக் கழுவுதல் நன்று.

நீரில் இறக்கும்போது

சில்லின் நடுவிலுள்ள குடத்தினுள்ளே பெயாரிங் எனப்படும் போதிகைகள் இருக்கின்றன. வீதியில் ஓடி வந்த பெட்டியின் குடம் சூடேறியிருக்கும். அதனை உடனே குளிர்ந்த நீரினுள் இறக்கினால் குடத்தினுள் உள்ள காற்றுச் சுருங்கி, உப்புநீரைச் சீலின் ஓரமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆதலால், குடம் கையிற் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின்னரே பெட்டியை இறக்குதல் வேண்டும். வள்ளத்தின் கட்டுகளைத் தளர்த்துதல், பொருட்களை ஏற்றுதல் முதலிய வேலைகளை இந்நேரத்திற் செய்துகொள்ளலாம்.

இயன்றவரை குடம் நீரில் அமிழாத ஆழத்திலேயே பெட்டியை நிறுத்தி, உருளைக் கட்டைகளின் மீது வள்ளத்தைத் தள்ளி இறக்குவது இன்னும் சிறந்தது. உழவு இயந்திரத்தை உப்புநீரினுள் ஒருபோதும் இறக்கலாகாது. கரை சாய்வாக இருப்பின் சில்லுகளுக்குப் பின்னே கட்டை வைத்தல் அவசியம். பின்விளக்குகள் பூட்டிய பெட்டியாயின், நீரில் இறக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடல் வேண்டும்.

கழுவுதல்

வீடு திரும்பிய அன்றே பெட்டியை நன்னீராற் கழுவுதல் வேண்டும். மறுநாளைக்கென ஒத்திவைத்தல் கூடாது. கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் வறட்சிக் காலத்தில் உவர்ப்பாக மாறும். அந்நீராற் கழுவினால் உலர்ந்தபின் மீண்டும் உப்பே எஞ்சும். சேகரித்த மழைநீர் அல்லது நல்ல கிணற்றுநீரையே பயன்படுத்துதல் வேண்டும்.

மேற்புறத்தை மட்டும் நனைத்தல் போதாது. விற்தகடுகளின் இடுக்கு, அச்சின் மேற்பக்கம், சில்லின் உட்புறம், கொழுவி, சங்கிலி, தளத்தின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் மணலும் உப்பும் ஒளிந்திருக்கும். குழாய் வடிவான சட்டமாயின் அதன் உள்ளேயும் நீரைச் செலுத்தி வடியவிடல் வேண்டும். பம்பியால் வேகமாக நீர் பாய்ச்சுவோர் அதனைக் குடத்தின் சீலை நோக்கிப் பாய்ச்சலாகாது. அவ்வேகமே நீரை உள்ளே புகுத்திவிடும்.

கழுவிய நீர் நாற்றுமேடைக்கோ, மரக்கறிப் பாத்திக்கோ, கிணற்றடிக்கோ ஓடாதபடி இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். இளம் நெல்நாற்று உப்பைத் தாங்கமாட்டாது.

குடத்தைத் திறந்து பார்த்தல்

வெளிப்புறம் எவ்வளவு தூய்மையாக இருப்பினும் குடத்தினுள் நிகழ்வது கண்ணுக்குப் புலப்படாது. எனவே, ஆண்டுதோறும் அரிவி வெட்டுக்கு முன், மார்கழி மாதத்திலேனும் இரண்டு குடங்களையும் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. குடம் அடிக்கடி நீரில் அமிழுமாயின் இதனை மேலும் பலமுறை செய்தல் வேண்டும்.

உள்ளிருக்கும் கிறீஸ் பால் விட்ட தேநீரின் நிறத்தை அடைந்திருந்தால் நீர் புகுந்துள்ளதென அறியலாம். அதன்மேற் புதுக் கிறீஸை அப்புவதாற் பயனில்லை. பழைய கிறீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயாற் கழுவி நீக்கி, போதிகைகளை நன்றாக உலரவிடல் வேண்டும். உருளைகளிலோ அவை ஓடும் வளையத்திலோ குழியும் கறுத்த புள்ளியும் காணப்படின், போதிகையையும் வளையத்தையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். சீலையும் புதிதாக இடுதல் நன்று.

நீரிற் கரையாத கிறீஸையே பயன்படுத்துதல் வேண்டும். சோடியச் சவர்க்காரத்தால் ஆக்கப்படும் கிறீஸ் நீர்பட்டதும் கழுவப்பட்டுப் போகும். அது இவ்வேலைக்கு உதவாது. ஒருவகைக் கிறீஸுடன் மற்றொரு வகையைக் கலப்பதும் தவறு. சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும். கிறீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடையே அது மறுபக்கம் வெளிவரும்வரை அழுத்தி நிரப்புதல் வேண்டும்.

சாய்ந்த உருளைகளையுடைய போதிகையாயின், சில்லைக் கையாற் சுழற்றிக்கொண்டே சிறிது தடை தோன்றும்வரை நடு நட்டை இறுக்கி, பின்னர் முளை செல்லும் அடுத்த துளைவரை தளர்த்துதல் வேண்டும். சில்லு தடையின்றிச் சுழலவும் வேண்டும். பிடித்து அசைத்தால் ஆடாதிருக்கவும் வேண்டும். கழற்றிய பழைய முளையை மீண்டும் இடாது புதியதையே இடுதல் வேண்டும்.

பூட்டியபின் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, குடத்தைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இளஞ்சூடு இயல்பானது. கைவைக்க முடியாத சூடாயின் அப்பெட்டியிற் பாரம் ஏற்றலாகாது. சில்லு நட்டுகளையும் அப்போதே மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும்.

சட்டமும் தீந்தையும்

கறள் முதலில் தோன்றுவது உருக்கி ஒட்டிய பொருத்துகளிலும், நீர் தங்கும் மூலைகளிலுமே. அவ்விடங்களைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, நன்னீராற் கழுவி, முற்றாக உலர்ந்தபின் நாகம் கலந்த அடிப்பூச்சும் அதன்மேல் தீந்தையும் பூசுதல் வேண்டும். உப்பின் மீதோ ஈரத்தின் மீதோ பூசிய தீந்தை விரைவிற் கொப்புளித்து உரியும். ஈயம் கலந்த தீந்தை உடலுக்குத் தீங்கானது. அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

பழைய இயந்திர எண்ணெயைச் சட்டத்திற் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது மண்ணையும் கடல்நீரேரியையும் மாசுபடுத்துவதுடன், ரயர், சீல் முதலிய இறப்பர்ப் பொருட்களையும் பழுதாக்கும். நாகமுலாம் பூசிய சட்டத்தைப் பட்டறையில் ஒட்டுவிப்போர், ஒட்டும் இடத்திலுள்ள நாகத்தை முதலில் நீக்குவித்தல் வேண்டும். எரியும் நாகத்தின் புகை நோய் தருவது. ஒட்டியபின் அவ்விடத்திற்கு மீண்டும் நாகப்பூச்சு இடாவிடின் கறள் அங்கிருந்தே பரவும்.

நீரில் இறங்கிய அன்று ஒரு கால்மணி நேரக் கழுவலும், அரிவி வெட்டுக்கு முன் ஒருநாட் பராமரிப்புமே இப்பெட்டி வேண்டுவன. ஒரு சோடிப் போதிகையின் விலையை ஒரு பெட்டி நெல்லின் விலையோடு ஒப்பிட்டு நோக்கும் கமக்காரர் இவ்வேலையை நாள் கடத்தமாட்டார்.