தின்றும் மெலியும் வண்ணமீன்கள்

உங்கள் வரவேற்பறையிலுள்ள கண்ணாடித் தொட்டியின் முன் சற்று நின்று கவனியுங்கள். இரை போட்டவுடன் மற்ற மீன்களோடு ஓடிவந்து விழுங்குகிற ஒரு மீன், வாரத்திற்கு வாரம் வயிறு ஒட்டி, முதுகு கூர்மையாகி, நிறம் மங்கி வருகிறதா? அதன் பின்புறத்தில் வெண்ணிற நூல்போன்ற மலம் தொங்குகிறதா? அப்படியானால் குறை நீங்கள் இடும் இரையில் இல்லாதிருக்கலாம். அதன் குடலுக்குள் வேறொருவர் பந்தி அமர்ந்திருக்கக்கூடும்.

சொந்த ஊரை விட்டு நகரத்தில் வாடகை வீட்டில் குடியேறிய குடும்பங்களுக்கு ஆடு கோழி வளர்க்க இடமில்லை. நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. ஆகவே பிள்ளைகளின் ஆசைக்கு மிஞ்சுவது இரண்டடி மீன்தொட்டிதான். ஒவ்வொரு மீனுக்கும் அவர்கள் ஒரு பெயர் சூட்டிவிடுகிறார்கள். அவற்றுள் ஒன்று மெலியத் தொடங்கினால் வீடே கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் பலரும் செய்வது, வீட்டில் மீந்திருக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையைப் பொடித்துத் தொட்டி நீரில் கொட்டுவதே.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில் வசிப்போர் இதில் இரண்டு காரியங்களைக் கருத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, ஓடை மீன்கள். கொசுப்புழுவைத் தின்பதற்கென்று கப்பி மீன்களை ஓடைகளிலும் குளங்களிலும் விடுவது கேரளத்தில் நெடுநாள் வழக்கம். பிள்ளைகள் அவற்றைப் பிடித்துவந்து வீட்டுத் தொட்டியில் விடுவதும் வழக்கமே. இரண்டாவது, மருந்து. நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்தை எதிர்கொள்ள, 2018-ஆம் ஆண்டிலேயே கேரள அரசு தனிச் செயல்திட்டம் வெளியிட்டது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்னும் பெயரில், மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைக் கண்டறியும் சோதனைகள் தொடங்கின. மீனுக்காகத்தானே என்று கேட்டாலும் கடைக்காரர் கொடுக்கலாகாது. அது நியாயமே என்பது என் எண்ணம்.

மேலும், குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் யாவும் ஒரே இனமல்ல. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றைத் தொடுவதில்லை. கப்பி, மோலி போன்ற குட்டி ஈனும் மீன்களில் அதிகமாகக் காணப்படுவது கமல்லானஸ் என்னும் உருளைப்புழு. மீன் அசையாது நிற்கும் வேளையில் அதன் மலவாயிலிருந்து சிவந்த நூல்நுனிகள் எட்டிப்பார்க்குமானால் அது பெரும்பாலும் இந்தப் புழுவே. தயவுசெய்து அதை இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். குடற்சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் புழு, குடலையும் சேர்த்துக் கிழித்துவிடும். இதற்குரியது லெவாமிசோல். அது புழுவை முடக்கிப் பிடியை நழுவச் செய்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நீரில் கலந்து 24 மணி நேரம் விடுவது வழக்கமான அளவு. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள இரண்டடித் தொட்டியில் கூழாங்கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லிட்டர் நீரே நிற்கும். ஆகவே 90 மில்லிகிராம் போதும். ஃபில்டரிலுள்ள கரியை முன்னதாக எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். விளக்கையும் அணைத்துவையுங்கள். மறுநாள் தொட்டியின் அடியில் விழுந்து கிடக்கும் புழுக்களைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, நீரை மாற்றவேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மறுபடியும் ஒருமுறை செய்தாலன்றி வேலை முடிவதில்லை. ஆட்டுக்குரிய குடற்புழு மருந்தில் லெவாமிசோல் உண்டு என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான்; ஆனால் அவற்றுள் பலவற்றில் வேறு மருந்தும் கலந்திருக்கும். லேபிளை வாசியாமல் வாங்காதிருங்கள்.

நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல் உதவும்.

ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்களை வாட்டுவதோ கண்ணுக்கே தெரியாத ஓரணு உயிர். ஸ்பைரோநியூக்ளியஸ் என்பது அதன் பெயர். வெண்ணிற மலம், இரையை வாயில் வாங்கித் துப்புதல், மூலையில் ஒதுங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஆனாலும் பட்டினி கிடக்கும் மீனும் வெள்ளையாகவே மலங்கழிக்கும் என்பதை மறவாதீர்கள். மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலன்றி உறுதி சொல்லமுடியாது. இதற்கே மெட்ரோனிடசோல் பயன்படுகிறது. அதையும் நீரில் கொட்டுவதைவிட உணவில் கலந்து கொடுப்பதே சிறந்தது. மருந்து செல்லவேண்டிய இடம் குடல் அல்லவா? கால்நடை மருத்துவர் எழுதித் தந்தால், 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 20 கிராம் இரையில் ஜெலட்டின் கொண்டு பிசைந்து, ஐந்து நாட்கள் கொடுக்கலாம். இரையெடுப்பதையே நிறுத்திவிட்ட மீனுக்கு மட்டும் நீர்வழி மருந்தை நாடுங்கள். உண்பதற்காக வளர்க்கும் மீனுக்கு இம்மருந்து கூடவே கூடாது. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டுள்ளது.

இவை எதற்கும் இணங்காமல் மெலியும் மீனுக்கு மீன் காசநோய் இருக்கலாம். அந்தக் கிருமி, கையில் காயமிருந்தால் மனிதரின் தோலிலும் பற்றிக்கொள்ளும். ஆகவே காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள், பிள்ளைகளையும் விடவிடாதீர்கள்.

ஒட்டுண்ணி வீட்டுக்குள் நுழையும் வாசல்கள் சிலவே. சாக்கடையோரம் அள்ளிய உயிர்ப்புழு இரை ஒன்று. ஓடையில் பிடித்த மீன் மற்றொன்று. சென்னைக் கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைகளிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் பல கைகள் மாறிவரும் புதிய மீன் வேறொன்று. வெளியேறும் வாசலும் உண்டு. பிள்ளையின் கண்ணெதிரே மீன் சாகவேண்டாமென்று இரக்கப்பட்டு, நோயுற்ற கப்பியை ஓடையில் விட்டுவிடுவோர் பலர். ஹவாய்த் தீவுகளில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பி முதலிய மீன்களோடு நுழைந்த கமல்லானஸ், இன்று அங்குள்ள ஓடைகளின் நாட்டு மீன்களுக்குள்ளும் குடியேறிவிட்டது. ஆகவே நோயுற்ற மீனை ஓடையில் விடாதீர்கள். மருந்து கலந்த நீரையும் ஓடையிலோ குளத்திலோ கொட்டாமல் கழிவறையில் ஊற்றுங்கள்.

புதிய மீன் வாங்கும்போது ஒரு பிளாஸ்டிக் வாளியும் சிறிய காற்றுக்குழாயும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு வாரங்கள் அது வாளியிலேயே இருக்கட்டும். அதற்கென்று தனி வலையும் வைத்திருங்கள். எப்போது தொட்டியில் விடுவோம் என்று பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். மலத்தின் நிறத்தைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள்.